நாலு வயதுப் பாப்பாவுக்கு ப்ளஸ் ஐந்தரை: கண்ணாடியே நேராக்கிய மாறுகண்

கடலூர் முதுநகர் பக்கத்திலிருந்து வந்த நான்கு வயதுப் பெண் குழந்தை. இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்புகிறது என்று வீட்டில் பல மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் கண் நேராக இருக்கிறது. கத்தி வைக்கவில்லை, ஊசி போடவில்லை, ஒரு கண்ணாடிதான். பெற்றோர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பவர் பார்த்துக் கண்ணாடி எழுதும் வேலை. இந்த வேலையில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும் ப்ளஸ் பவர் கண்ணாடி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை யாரும் பெற்றோரிடம் உட்கார்ந்து சொல்வதில்லை. எழுத்து தெளிவாகத் தெரியத்தான் கண்ணாடி என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், "அவளுக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியுதே" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அந்த இடைவெளியில் ஒரு கண்ணின் பார்வை மெல்லப் போய்விடுகிறது.

முதலில் கவனித்தது அம்மா. சோறு ஊட்டும்போது குழந்தை தட்டை உற்றுப் பார்த்தால் இடது கண் உள்ளே போகும், நிமிர்ந்து வாசலைப் பார்த்தால் சரியாகிவிடும். காய்ச்சல் வந்தாலோ தூக்கக் கலக்கத்தில் இருந்தாலோ அதிகம். போன வருடம் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்திய அன்று எடுத்த படங்களைச் செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழும் படத்தில் கண் நேராக இருக்கிறது. கையில் கொடுத்த பொம்மையைக் குனிந்து பார்க்கும் படத்தில் கருவிழி மூக்கை ஒட்டி நிற்கிறது. இந்த வந்து வந்து போகும் தன்மையும், கிட்டத்தில் பார்க்கும்போது கூடுவதும், இரண்டு மூன்று வயதில் தொடங்கியதும் சேர்ந்தாலே கண் பரிசோதிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும்.

கூட வந்திருந்த ஆயாவுக்கு அந்தச் சந்தேகம் எதுவும் இல்லை. "ஏம்மா, மாறுகண்ணு பொம்பளப் புள்ளைக்கு அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. இவ அப்பனுக்கும் சின்னதுல இப்படித்தான் இருந்துச்சு, வளர வளரத் தானா சரியாப் போச்சு" என்றார். அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியை நான் குறித்து வைத்துக்கொண்டேன். அப்புறம் பேச்சுவாக்கில் அம்மா இன்னொன்று சொன்னார், குறும்பு என்று நினைத்து: "ஆயாவோட கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டுத்தான் மேடம் செல்லு பாக்குறா, புடுங்குனா அழுவுறா." பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய ரெடிமேட் கண்ணாடி, ப்ளஸ் இரண்டு. நாலு வயதுக் குழந்தை விளையாட்டுக்கு மாட்டலாம், ஆனால் மாட்டியபடியே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறது என்றால் அந்தக் கண்ணாடியில் அதற்கு ஏதோ சுகம் கிடைக்கிறது என்று அர்த்தம்.

எங்களிடம் வருவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் செக்கப் செய்திருக்கிறார்கள். ப்ளஸ் ஒன்றே முக்கால் என்று சீட்டு வந்தது. சின்னப் பவர்தான், வளரும்போது போய்விடும், கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த எண் எப்படி வந்தது என்பதற்குக் கீழே வருகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வின் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

பார்த்ததும் அளந்ததும்

எழுத்து தெரியாத வயது, அதனால் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படம் போட்ட அட்டை. வலது கண்ணில் 6/9, இடது கண்ணில் 6/24 (6/6 என்றால் முழுப் பார்வை, கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). வலது கண்ணை மூடினால் குழந்தை சிணுங்கித் தலையைத் திருப்பிக்கொண்டது, இடதை மூடினால் ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கண்ணை நம்பி அது வாழ்கிறது என்று அதிலேயே தெரிந்தது. கண் எல்லாத் திசையிலும் தடையில்லாமல் அசைந்தது, ஆகவே நரம்பு பலவீனத்தால் வந்த மாறுகண் இல்லை. பிரிசம் பட்டையை வைத்து அளந்தபோது தூரப் பார்வையில் 30 பிரிசம் டயாப்டர், கிட்டத்தில் 35. முப்பது பிரிசம் என்றால் கிட்டத்தட்ட 17 டிகிரி உள்ளே திரும்பியிருக்கிறது, தெருவில் போகிறவர்களுக்கே தெரியும் அளவு. ஈ படம் போட்ட முப்பரிமாணப் பரிசோதனைப் புத்தகத்தைக் காட்டினேன். அதற்கென்று இருக்கும் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் ஈயின் இறக்கை தாளிலிருந்து எழும்பி நிற்கும். இந்தக் குழந்தை தாளின் மேலேயே விரலை வைத்துத் தடவியது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவில்லை.

மாறுகண்ணோடு வரும் எந்தக் குழந்தைக்கும் கண்ணின் உட்புறத்தைக் கண் மருத்துவர் ஒரு தடவை பாவையை, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் துளையை, விரிய வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். பிறவிக் கண்புரை, விழித்திரையில் கட்டி மாதிரியான ஆபத்தான விஷயங்களும் முதலில் மாறுகண்ணாகத்தான் தலைகாட்டலாம். இந்தக் குழந்தைக்கு உள்ளே எல்லாம் நலம் என்று மருத்துவர் உறுதி செய்தார். திடீரென்று ஒரே நாளில் கண் திரும்புவது, கூடவே தலைவலி, வாந்தி, பொருள் இரண்டாகத் தெரிவது என்று இருந்தால் அது வேறு கதை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, பவர். மருந்து போடாமல், ரெட்டினாஸ்கோப் என்ற கைக்கருவியின் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பாவைக்குள் தெரியும் அந்த ஆரஞ்சு நிறக் கீற்று நான் கருவியை அசைக்கும் பக்கமே கூடவே ஓடினால் ப்ளஸ் பவர் என்று பொருள். கீற்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒரு நொடி ப்ளஸ் இரண்டு போலவும் அடுத்த நொடி ப்ளஸ் ஐந்து போலவும் காட்டியது. குழந்தையின் கண் உள்ளேயிருந்து பவரை மாற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் இயந்திரம் இதில் ஒரு நொடியைப் பிடித்து ஒன்றே முக்கால் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. இயந்திரத்தின் மேல் குறை இல்லை. அதன் உள்ளே தெரியும் படத்தைக் குழந்தை உற்றுப் பார்க்கும், உற்றுப் பார்த்தால் கண் தசை இறுகும், இறுகினால் ப்ளஸ் பவர் ஒளிந்துகொள்ளும். குழந்தைக்கு மருந்து போடாமல் எடுத்த ப்ளஸ் பவரை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

அந்தத் தசையைத் தளர வைக்க மூன்று நாள் அட்ரோபின் 1 சதவீதக் களிம்பு, காலையும் மாலையும், அரிசி மணி அளவு. கொடுக்கும்போதே சொல்ல வேண்டியதைச் சொன்னோம்: போட்டவுடன் கண்ணின் உள்மூலையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும், டியூபைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், முகம் சிவந்து உடம்பு சுட்டாலோ வாய் வறண்டு துடிப்பு ஏறினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் வெயில் கூசும், கிட்டத்தில் மங்கும். இதெல்லாம் தெரியாமல் போட்டால் இரண்டாம் நாளே பயந்து நிறுத்திவிடுவார்கள், பரிசோதனை வீணாகும்.

நாலாம் நாள் கீற்று ஒழுங்காக நின்றது. குழந்தை தூரத்தில் ஓடிய கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் லென்ஸ் பட்டையை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். வலது கண்ணில் ப்ளஸ் ஏழு வரும்போது ஓட்டம் நின்று பாவை முழுக்க ஒரே நேரத்தில் ஒளிர்ந்தது. இடது கண்ணில் ப்ளஸ் எட்டு. நான் உட்கார்ந்திருந்த தூரம் 67 சென்டிமீட்டர், அதற்கு ஒன்றரையைக் கழிக்க வேண்டும். ஆக வலது ப்ளஸ் 5.50, இடது ப்ளஸ் 6.50. கடைச் சீட்டில் இருந்ததைப் போல மூன்று மடங்கு. ரெட்டினாஸ்கோபியின் அழகு இதுதான், குழந்தை ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை, ஒளியே சொல்லிவிடும். இத்தனை கருவி வந்த பிறகும் குழந்தைகளுக்கு நான் இதைத்தான் நம்புகிறேன்.

உள்ளே என்ன நடந்தது

பெரியவர்களின் கண் முன்பக்கத்திலிருந்து விழித்திரை வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். பிறந்த குழந்தைக்கு அது 17 அளவில்தான் இருக்கும், அதனால் பெரும்பாலான குழந்தைகள் கொஞ்சம் ப்ளஸ் பவரோடுதான் பிறக்கின்றன, வளர வளரக் கண் நீண்டு அது குறைந்துவிடுகிறது. "வளர்ந்தால் போய்விடும்" என்று சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. சில குழந்தைகளுக்குக் கண் போதுமான அளவு நீளாது, அல்லது கருவிழியின் வளைவு தட்டையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஏறக்குறைய மூன்று டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) ப்ளஸ். இந்தக் குழந்தைக்கு ஐந்தரை என்றால், இருக்க வேண்டியதைவிட இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே குட்டை, அவ்வளவுதான். தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையில் புள்ளியாகக் குவிய வேண்டும். குட்டைக் கண்ணில் அது குவிந்து முடிவதற்குள் விழித்திரை வந்துவிடும், குவியம் பின்னால் விழும், படம் கலங்கும்.

ஆனால் குழந்தை கலங்கலாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைச் சுற்றி சிலியரி தசை இருக்கிறது. அது சுருங்கினால் லென்ஸ் புடைத்துப் பவர் கூடும். எல்லாருக்கும் இது கிட்டத்தில் படிக்கும்போது நடக்கிறது. நாலு வயதில் இந்தத் தசைக்கு அசாத்திய வலு, பதினான்கு டயாப்டருக்கும் மேல் கூட்ட முடியும். அதனால் இந்தக் குழந்தை தூரத்து மரத்தைப் பார்க்கவே ஐந்தரை டயாப்டர் உழைக்கிறது, கையில் இருக்கும் பொம்மையை ஓர் அடித் தூரத்தில் பார்க்க மேலும் மூன்று சேர்த்து எட்டரை உழைக்கிறது, தெளிவாகப் பார்க்க முயலும்போதெல்லாம். இப்படி உழைத்துத் தெளிவாகப் பார்த்துவிடுவதால்தான் பள்ளிக்கூடத்து ஆறு மீட்டர் அட்டையில் இந்தக் குழந்தைகள் பலர் பாஸ் ஆகிவிடுகிறார்கள்.

இந்த உழைப்புக்கு ஒரு விலை உண்டு. தசை சுருங்கும்போதெல்லாம் இரண்டு கண்ணும் உள்ளே திரும்ப வேண்டும் என்று மூளையில் ஒரு இணைப்பு இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது குவியவும் வேண்டும், கண் உள்ளே திரும்பவும் வேண்டும் என்பதால் இயற்கை இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளாக வைத்திருக்கிறது, ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். ஒரு டயாப்டர் குவிப்புக்குச் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து பிரிசம் வரை கண் உள்ளே வரும். ஐந்தரை டயாப்டரை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், 27.5. நாம் தூரத்தில் அளந்தது 30. குழந்தையின் மாறுகண் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இந்தத் தொடர்பைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் டாண்டர்ஸ், 1864-ல். அதற்கு 25 வருடம் முன்பு, 1839-ல், பெர்லினில் டீஃபென்பாக் மாறுகண்ணுக்குத் தசையை வெட்டும் அறுவை சிகிச்சையைத் தொடங்கியிருந்தார். கத்தி முதலில் வந்து காரணம் பின்னால் வந்த வரலாறு இது. இன்றைக்கும் பல பெற்றோர் "ஆபரேஷன் பண்ணிடலாமா மேடம்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

இடது கண் ஏன் மங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணின் தசையும் எப்போதும் ஒரே அளவுதான் சுருங்கும், தனித்தனியாக முடியாது. வலது கண்ணுக்கு ஐந்தரை போதும், அதோடு உழைப்பு நின்றுவிடும், இடது கண் எப்போதும் ஒரு டயாப்டர் கடனில் கலங்கலாகவே இருக்கும். போதாக்குறைக்கு அது திரும்பியும் இருக்கிறது. இரண்டு படம் வந்து குழம்பாமல் இருக்க மூளை அந்தக் கண்ணின் படத்தைத் தள்ளிவிடுகிறது. சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான்.

கண்ணாடி

இங்கேதான் ஆயாவின் கேள்வி வந்தது, நல்ல கேள்வி. "நான் போடுறதும் ப்ளஸ்ஸு, இவளுக்கும் ப்ளஸ்ஸா? இது கெழவி போடுற கண்ணாடி இல்லையா?" லென்ஸ் ஒரே வகைதான், நடு தடித்து ஓரம் மெலிந்த குவிலென்ஸ், ஒளியை உள்நோக்கி வளைக்கும். ஆயாவுக்கு வெள்ளெழுத்து: கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதில் இறுகிப்போய், தசை இழுத்தாலும் புடைக்காது, அறுபதைத் தாண்டினால் ஒரு டயாப்டர் கூடுவதே பெரிது. அவருக்குக் கண்ணாடி இல்லாத வலுவைக் கொடுக்கிறது. பேத்திக்கு வலு ஏராளம், அதைச் செலவழிக்க வேண்டிய தேவையைக் கண்ணாடி எடுத்துவிடுகிறது. ஐந்தரை டயாப்டர் வேலையைக் கண்ணுக்கு வெளியேயே லென்ஸ் செய்து முடித்து, ஏற்கனவே குவியத் தொடங்கிய ஒளியை உள்ளே அனுப்புகிறது. தசை ஓய்ந்துவிடுகிறது, கண்ணை உள்ளே இழுக்கும் கட்டளையும் அதோடு ஓய்ந்துவிடுகிறது.

அப்பாவுக்கு நான் லென்ஸையே காட்டினேன். அறையின் அந்தக் கோடியில் எரியும் குழல்விளக்கின் ஒளியைச் சோதனைப் பெட்டியில் இருந்த ப்ளஸ் ஐந்தரை வழியாகச் சுவரில் விழவைத்து, முன்னும் பின்னும் நகர்த்தினால் சுமார் 18 சென்டிமீட்டரில் விளக்கின் படம் கூர்மையாகத் தலைகீழாக நின்றது. ஒன்றை ஐந்தரையால் வகுத்தால் 0.18 மீட்டர், பவர் என்பது அவ்வளவுதான். லென்ஸ் வழியாக ஒரு கோட்டைப் பார்த்து லென்ஸை வலதுபக்கம் நகர்த்தினால் கோடு இடதுபக்கம் ஓடும், மைனஸ் என்றால் கூடவே ஓடும். கடையிலிருந்து வரும் கண்ணாடி ப்ளஸ்தானா என்று வீட்டிலேயே இப்படிப் பார்த்துக்கொள்ளலாம், மாறி வந்த கண்ணாடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பவர் எழுதுவது என்பதில் நம் பக்கத்தில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. அட்ரோபின் போட்டு எடுத்த பவரில் ஒரு டயாப்டரைக் கழித்துவிட்டு எழுதுவார்கள், தசைக்கு இயல்பாக இருக்கும் இறுக்கத்துக்காக. மாறுகண் இல்லாத குழந்தைக்குக் குறைத்து எழுதலாம், அதில் நியாயம் இருக்கிறது. கண் உள்ளே திரும்பியிருக்கும் குழந்தைக்குக் கழிக்கக் கூடாது. விட்டுவைக்கும் ஒவ்வொரு டயாப்டருக்கும் கண் அந்த அளவு மறுபடி உள்ளே போகும். மருத்துவர் முழுப் பவரும் எழுதினார்.

கண்ணாடியை உடனே செய்யச் சொன்னோம், அதிலும் காரணம் உண்டு. அட்ரோபின் வேலை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும். அந்த நாட்களில் தசை தானாக இறுக முடியாது, குழந்தைக்குக் கண்ணாடி போட்டால்தான் எதுவும் தெளிவாகத் தெரியும், அடம்பிடிக்காமல் போட்டுக்கொள்ளும். மருந்து தீர்ந்த பிறகு முதல் தடவை முழுப் பவரை மாட்டினால், வருடக்கணக்கில் இறுகியே பழகிய தசை சட்டென்று விட்டுக்கொடுக்காது, தூரம் மங்கலாகத் தெரியும், குழந்தை தூக்கி எறியும்.

அப்புறம் ஃபிரேம். இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். "வளருற புள்ள, ரெண்டு வருஷம் வரட்டும்" என்று பெரிய ஃபிரேமாக எடுத்து வந்தார் அப்பா. ப்ளஸ் லென்ஸில் அகலம் கூடினால் நடுப்பகுதித் தடிமன் கூடும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் 44 மில்லிமீட்டர் அகலத்துக்கு நடு மூன்றரைக்குள் அடங்கும், 56 அகலத்துக்கு ஐந்தை நெருங்கும். கனம் தாங்காமல் கண்ணாடி மூக்கில் சரியும். நாலு வயதில் மூக்குத் தண்டு இன்னும் எழும்பவே இல்லை, நிற்க இடம் கிடையாது. சரிந்தால் குழந்தை மேலாகப் பார்க்கும், மேலாகப் பார்த்தால் கண்ணாடி போடாததற்குச் சமம், கண் உள்ளே போகும். இன்னொன்று, பெரிய ஃபிரேமில் லென்ஸின் நடுமையங்கள் கண்ணைவிட அகலமாகப் போய்விடும். நாலு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஐந்தரைப் பவரில் இரண்டுக்கு மேல் பிரிசம் தேவையில்லாமல் சேரும், அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கும். கடைசியில் சின்ன வட்ட ஃபிரேம், காதைச் சுற்றிவரும் கொக்கி, பின்னால் எலாஸ்டிக் பட்டை, எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ்.

இரண்டாவது வாரம்

இரண்டு வாரம் கழித்து அம்மா கோபமும் அழுகையுமாக வந்தார். "கண்ணாடி போட்டா நேரா இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா கழட்டுனா முன்னவிட ஜாஸ்தியா உள்ள போவுது மேடம். இந்தக் கண்ணாடியாலதான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு எங்க மாமியார் சொல்றாங்க." ஆயா பக்கத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை.

பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியை இழப்பது இந்த வாரத்தில்தான். ஆகவே வாயால் சமாதானம் சொல்லாமல் செய்தே காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் பென்டார்ச் வெளிச்சத்தைக் காட்டினேன். வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க எதுவும் இல்லை, கண் கிட்டத்தட்ட நேராகவே நின்றது. அதே தூரத்தில் ஒரு குச்சியில் ஒட்டிய சின்ன வாத்துப் படத்தைக் காட்டி, "வாத்துக்குக் காலு என்ன கலருடா பாப்பா?" என்று கேட்டேன். பதில் சொல்ல முயன்ற அந்தக் கணத்தில் இடது கண் மூக்கை நோக்கி ஓடியது. கண்ணாடியை மாட்டினேன், அதே வாத்து, அதே கேள்வி, கண் நேராகவே நின்று "மஞ்ச" என்றது. அம்மா இரண்டு தடவை மறுபடி செய்யச் சொன்னார்.

முன்பு அவள் எல்லா நேரமும் முழுசாக உழைக்கவில்லை, அவ்வப்போது உழைப்பை விட்டுவிட்டுக் கலங்கலையே ஏற்றுக்கொள்வாள், அப்போது கண் நேராக இருக்கும். கண்ணாடி மூலம் தெளிவு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, கழற்றியவுடன் அதே தெளிவைத் தேடி முழு பலத்தையும் போடுகிறாள். அதனால்தான் அதிகமாகத் திரும்புகிறது. கண் கெட்டுப்போகவில்லை, அவள் தெளிவை விரும்பத் தொடங்கியிருக்கிறாள். தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் தவிர கழற்ற வேண்டாம் என்றேன். ஆயா கேட்டது ஒன்றுதான்: "அப்போ அவ அப்பனுக்கு மட்டும் எப்படிம்மா தானா சரியாச்சு?"

அப்பாவை உட்கார வைத்தோம். முப்பத்து நாலு வயது, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு கண்ணும் திறந்து கடைசி வரி வரை படித்தார். வலது கண்ணை மூடியதும் அமைதியாகிவிட்டார். மேலே இருக்கும் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது, 6/60. மருந்து போட்டுப் பார்த்ததில் இடது கண்ணில் ப்ளஸ் ஐந்து. அந்த லென்ஸைப் போட்டும் 6/36-க்கு மேல் வரவில்லை. சின்ன வயதில் திரும்பிய கண் வளரும்போது ஓரளவு நேரானதைப் பார்த்த வீட்டுக்காரர்கள் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள், பார்வை போனது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை, ஒரு கண் நன்றாக இருந்தால் இன்னொன்று இல்லாதது உறைக்காது. இந்த வயதில் அதைப் பெரிதாக மீட்க முடியாது. அவருக்கு எழுதிக் கொடுத்தது பாலிகார்பனேட் கண்ணாடி, நல்ல கண்ணில் ஏதும் படாமல் காப்பதற்கு. அன்றைக்குப் பிறகு இந்த வீட்டில் குழந்தையின் கண்ணாடியைக் கழற்றுவது பற்றிய பேச்சே வரவில்லை. அப்பாவே பால்வாடி டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். ப்ளஸ் கண்ணாடியில் கண் பெரிதாகத் தெரியும், மற்ற பிள்ளைகள் சோடாபுட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள், டீச்சர் அதையும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு

ஆறாவது வாரத்தில் கண்ணாடியோடு தூரத்தில் கண் நேராக, கிட்டத்தில் 4 பிரிசம் மட்டும் மிச்சம். கிட்டத்தில் நிறைய மிச்சம் இருந்திருந்தால் கீழ்ப் பாதியில் கூடுதல் பவர் வைத்த பைஃபோகல் கொடுக்க வேண்டியிருக்கும், சில குழந்தைகளுக்கு அது தேவைப்படும். இங்கே தேவைப்படவில்லை. அறுவை சிகிச்சையும் அதே கணக்குதான், முழுப் பவர் கண்ணாடிக்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் கோணத்துக்கு மட்டும்தான் கத்தி. கண்ணாடி நேராக்கிவிடும் கண்ணை வெட்டி நேராக்கினால் பிற்காலத்தில் அது வெளிப்பக்கம் போய் நிற்கும் ஆபத்து உண்டு.

இடது கண்ணின் பார்வைக்கு உடனே வலது கண்ணை மூடவில்லை. கண்ணாடி மட்டுமே போட்டுச் சில மாதம் காத்திருந்தால் சோம்பேறிக் கண் கணிசமாகத் தேறும், அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஒட்டுப்போடத் தொடங்கலாம். நாலாவது மாதம் இடது கண் 6/12-ல் வந்து நின்றது. அப்புறம் வலது கண்ணில் தினம் இரண்டு மணி நேரம் ஒட்டு, அந்த நேரத்தில் படம் வரைவது, பாசி கோப்பது. இந்த அளவுச் சோம்பலுக்கு இரண்டு மணி நேரம் போதும், நாள் முழுக்கக் கட்டிவைக்க வேண்டியதில்லை. எட்டாவது மாதத்தில் 6/9, வலது கண் 6/6. ஈ புத்தகத்தை மறுபடி காட்டினேன். விரலைத் தாளின் மேலே காற்றில் வைத்து இறக்கையைக் கிள்ளப் பார்த்தாள், கிள்ளக் கிடைக்காததில் சிரிப்பு.

பவர் போய்விடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆறேழு வயது வரை ப்ளஸ் கொஞ்சம் கூடவும் செய்யலாம், அதன் பிறகு மெல்லக் குறையும். ஒன்றிரண்டு டயாப்டரில் இருப்பவர்கள் கண்ணாடியை விட்டுவிடலாம், ஐந்தரையில் தொடங்கியவள் முழுசாக விடுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். லேசர் சிகிச்சை பற்றி இப்போது பேசவே கூடாது, கண் வளர்ந்து நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிகளில் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு மீட்டர் அட்டையை முழுசாகப் படித்த குழந்தையை அப்படியே அனுப்பிவிடாமல், ப்ளஸ் இரண்டு லென்ஸைக் கண் முன் பிடித்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கண்ணுக்கு உடனே மங்கிவிடும். லென்ஸோடும் அதே வரியைப் படித்தால் உள்ளே ப்ளஸ் ஒளிந்திருக்கிறது, மருந்து போட்டுப் பார்க்க அனுப்ப வேண்டும். செலவே இல்லாத சோதனை. அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே குழுக்கள் அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு தடவை வருகின்றன, அவர்கள் பையில் இந்த ஒரு லென்ஸ் இருந்தால் பல குழந்தைகள் சீக்கிரம் பிடிபடுவார்கள். கடலூர் பக்கத்துக்காரர்களுக்குத் தூரமும் கிடையாது, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை, பஸ் ஏறினால் போய்விடலாம்.

இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பார்வை, வருடம் ஒரு தடவை மருந்து போட்டுப் பவர், ஒட்டை மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறோம். அப்பாவுக்கும் அக்காவுக்கும் இருப்பதால் ஒன்றரை வயதுத் தம்பியையும் கூட்டிவரச் சொன்னோம். மருந்து போட்டதில் இரண்டு கண்ணிலும் ப்ளஸ் மூன்று, சமமாக, மாறுகண் இல்லை. அந்த வயதுக்கு இது கண்ணாடி போடும் அளவு இல்லை. கண் திரும்புவது போல ஒரு தடவை தெரிந்தாலும் அன்றே கூட்டிவர வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.